முதலில் ஐம்பது என்று தப்பாகச் சொல்லட்டும்

அம்மா, வணக்கம்.

சென்ற வாரம் மகளை அழைத்துக்கொண்டு வந்தீர்கள். பேசிய அரை மணி நேரத்தில் இருபத்தைந்து நிமிடம் உங்கள் கவலைகளுக்கே போய்விட்டது. அவள் வாய் திறந்தது ஐந்து நிமிடம்தான். நானும் அவசரத்தில் ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருந்ததால் இந்தக் கடிதம்.

நீங்கள் கேட்டவை இரண்டு. வீட்டுப்பாடம் முழுவதையும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டே எழுதுகிறாள், மொபைலைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்பது ஒன்று. ஆசிரியை ஆகவேண்டும் என்கிறாள், ஆனால் இனி ஆசிரியர் வேலையே இருக்காது என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார், வேறு படிப்பில் சேர்த்துவிடலாமா என்பது இன்னொன்று. நீங்கள் தனித்தனியாகக் கேட்டீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அவளுடைய கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன் அல்லவா? அதில் ஒரு கணக்கு. ஒருவர் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஊருக்குப் போகிறார், அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார், சராசரி வேகம் என்ன? 48 என்று சரியாக எழுதியிருந்தாள். ஐந்து வரிகள், அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்ததே அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான். இந்தக் கணக்கைக் கொடுத்தால் பத்துப் பேரில் எட்டுப் பேராவது முதலில் 50 என்பார்கள். நானும் என் பள்ளி நாளில் அப்படித்தான் சொன்னேன். "ஏன் 50 இல்லை?" என்று கேட்டேன். நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் உங்களைப் பார்த்தாள்.

பிறகு உங்களுக்கு ஒரு போன் வந்து வெளியே போனீர்கள். அந்த இடைவெளியில் அவளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, தூரம் 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். போக மூன்று மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். மொத்தம் 240 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். "மெதுவாகப் போகும்போதுதான் அதிக நேரம் செலவாகிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது" என்றாள். நோட்டில் இருந்த ஐந்து வரிகளில் இந்த வாக்கியம் இல்லை. நான் சொல்லாமலே 30-க்கும் 60-க்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். 40 வந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

இந்தப் பெண்ணுக்கு அறிவுக்குக் குறைவில்லை, சோம்பலும் இல்லை. 50 என்று தப்பாகச் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பைத்தான் இழந்துகொண்டிருக்கிறாள்.

இது என் ஊகம் மட்டுமல்ல. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. கணிதப் பயிற்சி வகுப்பில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற ஒரு கருவியைக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த கருவி. மூன்றாவது பிரிவினருக்குப் புத்தகமும் நோட்டும்தான். பயிற்சியின்போது முதல் பிரிவு, புத்தகப் பிரிவைவிட 48 சதவீதம் கூடுதல் மதிப்பெண் எடுத்தது. இரண்டாவது பிரிவு 127 சதவீதம் கூடுதல். எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்து, கருவிகளை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் பிரிவு, எதுவுமே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. இரண்டாவது பிரிவு அவர்களோடு ஏறக்குறைய சமமாக நின்றது. முதல் பிரிவு மாணவர்கள் தாங்கள் பின்தங்கியதை உணரவே இல்லை என்பதுதான் என்னைத் துணுக்குற வைத்தது. உங்கள் மகளும் "எனக்கு எல்லாம் புரிகிறது" என்று நம்பித்தான் சொல்கிறாள், பொய் சொல்லவில்லை.

ஆகவே மொபைலைப் பிடுங்கவேண்டாம். பிடுங்கினால் தோழியின் மொபைலில் கேட்பாள், உங்களிடம் மறைப்பதையும் கற்றுக்கொள்வாள். மாற்றவேண்டியது வரிசையை. இப்போது கேள்வி வந்ததும் இயந்திரத்திடம் போகிறது, விடை வந்ததும் நோட்டில் ஏறுகிறது. இனி கேள்வி முதலில் தாளில் விழட்டும். பத்து நிமிடமாவது அவளே முட்டி மோதட்டும். அதன் பிறகு தப்பான விடையையும் கையில் எடுத்துக்கொண்டு கருவியிடம் போகட்டும். கேட்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: "எனக்கு 50 வந்தது. என் வழி இது. சரியான விடையைச் சொல்லாதே. என் வழியில் எந்த இடம் இடிக்கிறது என்பதை எனக்குப் புரியவைக்க ஒரே ஒரு கேள்வி கேள்." இப்படிக் கேட்டால் இந்தக் கருவிகள் நல்ல ஆசிரியருக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. நள்ளிரவிலும் சலிக்காமல் பதில் சொல்கின்றன, ஆறாவது முறை கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. கூச்சத்தால் வகுப்பில் கை தூக்காத பிள்ளைக்கு இது பெரிய வரம். ஒரு குறை உண்டு. "இல்லை, 50தான் சரி" என்று அழுத்திச் சொன்னால், சில நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நம் பக்கமே சேர்ந்துவிடுகிறது. எந்த ஆசிரியரும் அவ்வளவு பணிவாக இருக்கக்கூடாது.

இன்னொரு நல்ல பயன், தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பதுதான் மனத்தில் நிற்கும் என்று ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். தேர்வுக்கு முந்தைய இரவு வாசித்துவிட்டுத் "தெரியும்" என்று பிள்ளைகள் ஏமாறுவது இதனால்தான். முன்பெல்லாம் கேள்வி கேட்க அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார வேண்டும். இன்று பாடப் பகுதியைக் கொடுத்து, "இதிலிருந்து எட்டுக் கேள்வி கேள், நான் பதில் எழுதும்வரை காத்திரு" என்றால் போதும். இயற்பியலுக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கக்கூடிய செயல்விளக்கங்கள் இருக்கின்றன. ஊசலின் கயிற்றை நீட்டினால் என்ன ஆகும், எடையைக் கூட்டினால் என்ன ஆகும் என்று சொடுக்கிப் பார்க்கலாம். அங்கேயும் இதே நிபந்தனைதான். சொடுக்கும் முன் என்ன ஆகும் என்று தாளில் எழுதிவிட வேண்டும்.

வரலாறு, இலக்கியம் போன்ற பாடங்களில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். இல்லாத நூலையும் இல்லாத ஆண்டையும் இருப்பதுபோலவே, தயக்கமில்லாமல் இந்தக் கருவி எழுதிவிடும். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த பழைய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அப்படி வழக்குகளே நடந்திருக்கவில்லை. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. சட்டம் படித்தவர்களுக்கே இந்தக் கதி.

போகும்போது அவள் மெதுவாக ஒன்று சொன்னாள், நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ. தானே எழுதிய கட்டுரையை "இது இயந்திரம் எழுதியது" என்று வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்று அப்படிக் காட்டியதாம். அந்த மென்பொருள்களை நான் நம்புவதில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய தேர்வுக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரத்தின் கணக்கில் சேர்த்தன. சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. அவள் இனி கட்டுரைகளின் முதல் வரைவைத் தூக்கிப்போட வேண்டாம். கிறுக்கல், அம்புக்குறி, அடித்த வரி எல்லாமே அவளுக்குச் சாட்சி.

தனியுரிமை பற்றிச் சுருக்கமாக: மதிப்பெண் பட்டியல், அடையாள அட்டைப் படம், வீட்டு விவரம் எதையும் இந்தக் கருவிகளில் ஏற்றவேண்டாம். வகுப்பறையில் இவற்றைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 2023-இல் பரிந்துரைத்தது. உங்கள் சின்னவன் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

இனி ஆசிரியர் வேலைக்கு வருகிறேன். துருக்கி ஆய்வில் இரண்டாவது கருவி மாணவர்களைக் கெடுக்காமல் இருந்ததற்கு என்ன காரணம்? எந்தக் கணக்கில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள், அப்போது எவ்வளவு சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்ற விவரங்கள் அதற்குள் ஏற்றப்பட்டிருந்தன. அவை ஆசிரியர்களிடமிருந்து வந்தவை. இரண்டும் ஒரே கேள்வி என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். விடையை அள்ளிக் கொடுக்க இயந்திரம் போதும். விடையை எப்போது கொடுக்காமல் இருப்பது என்று தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.

உறவினர் சொன்னது புதிய பேச்சும் அல்ல. பள்ளிகளில் புத்தகம் விரைவில் வழக்கொழிந்துவிடும், எல்லாம் திரைப்படத்தின் வழியே கற்பிக்கப்படும் என்று எடிசன் 1913-இல் சொன்னார். செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், ஸ்கேன் படம் பார்க்கும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை உடனே நிறுத்திவிட வேண்டும் என்று 2016-இல் சொன்னார். பின்னாளில் நோபல் பரிசே பெற்றவர் அவர். இன்றும் மருத்துவமனைகள் அந்த மருத்துவர்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவர் பேச்சைக் கேட்டு அந்தப் படிப்பை விட்டவர்கள் இருந்தால், பாவம். பள்ளிக் கல்விக்கு 2030-க்குள் உலக அளவில் இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்கிறது யுனெஸ்கோ 2024-இல் வெளியிட்ட அறிக்கை.

அதற்காக எதுவும் மாறாது என்று உங்களைத் தட்டிக்கொடுத்து அனுப்ப மாட்டேன். வினா-விடைக் குறிப்பு எழுதித் தருவது, புத்தகத்தை அப்படியே வாசித்து விளக்குவது, சரியா தப்பா என்று மட்டும் திருத்துவது போன்ற வேலைகள் தேயும். அவற்றை மட்டுமே செய்யும் ஆசிரியராக அவள் ஆனால் உங்கள் பயம் நியாயமானதுதான். எனக்குத் தெரிந்த கணித ஆசிரியை ஒருவர் வேறு மாதிரி செய்கிறார். பாடம் தொடங்கும் முன் செயற்கை நுண்ணறிவிடம் ஒரு கணக்கைக் கொடுத்து, மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழையோடு மூன்று தப்பான தீர்வுகள் எழுதச் சொல்கிறார். அவற்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "இதில் எது எங்கே சறுக்கியது?" என்று வகுப்பைக் கேட்கிறார். அரை மணி நேரத் தயாரிப்பு ஐந்து நிமிடத்தில் முடிகிறது. ஆனால் இயந்திரம் எழுதும் பிழைகளில் பாதியைத் தள்ளிவிடுவாராம். "இந்தத் தப்பை எந்தப் பிள்ளையும் செய்யாது" என்பார். அந்தத் தெரிவு பதினைந்து வருட வகுப்பறையிலிருந்து வருகிறது.

படிப்பைப் பொறுத்தவரை, பெயரில் செயற்கை நுண்ணறிவு என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். முதலில் கணிதமோ இயற்பியலோ ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்கட்டும். இயந்திரம் உளறும்போது கண்டுபிடிக்க வேறு வழியில்லை. பிறகு ஆசிரியர் பயிற்சி. சேரும் முன் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி, உண்மையான வகுப்பில் எத்தனை நாள் பாடம் நடத்த விடுவார்கள் என்பது. தேர்வு வடிவமைப்பும் கொஞ்சம் புள்ளியியலும் பாடத்திட்டத்தில் இருந்தால் நல்லது. சிறப்புக் கல்வி என்ற துறையையும் அவள் எட்டிப் பார்க்கட்டும். எழுத்தைக் குரலாக மாற்றுவது, பேச்சை உடனுக்குடன் எழுத்தாகக் காட்டுவது போன்ற வசதிகள், வாசிக்கத் திணறும் பிள்ளைக்கும் காது கேளாத பிள்ளைக்கும் வகுப்பறையைத் திறந்துவிட்டிருக்கின்றன. எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் செய்பவர்கள்தான் குறைவு. பள்ளிக்கூடம் பிடிக்காமல் போனாலும், பாடங்களை வடிவமைக்கும் வேலை, கற்றல் செயலிகளைச் சோதிக்கும் வேலை எல்லாம் இதே அடிப்படையில்தான் நிற்கின்றன.

முடிவை இன்று எடுக்கவேண்டாம். இந்த விடுமுறையில் உங்கள் சின்னவனுக்குப் பின்னங்கள் வராது என்றீர்களே, அவனுக்கு அவள் தினமும் அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கட்டும். பாடம் தயாரிக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம், தடையில்லை. அவன் எங்கே தடுமாறினான், எதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டான், எதைச் சொல்லியும் ஏறவில்லை என்று தினமும் நாலு வரி அவளே எழுதி வைக்கட்டும். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டோடு வாருங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் நல்லது. அன்று அவள் இருபத்தைந்து நிமிடம் பேசட்டும், நாம் இருவரும் ஐந்து நிமிடம் பேசிக்கொள்வோம்.