அம்மாவை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லும் முன்

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று கண் மருத்துவரிடம் போனதில் தொடங்கி, மண்டையோட்டின் அடிப்பகுதியில் கார்டோமா என்ற கட்டி இருப்பது தெரியவந்தது. ஐந்து வாரங்களுக்கு முன் சென்னையிலேயே மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்து பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மீதிக்குப் புரோட்டான் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். டெக்சாஸில் இருக்கும் அண்ணன், அம்மாவை அங்கே அழைத்து வந்தே தீர வேண்டும் என்று தினமும் போனில் சண்டை போடுகிறார். பணத்துக்கு அம்மா பெயரில் உள்ள வீட்டை விற்றுவிடலாம் என்கிறார். அப்பா இல்லை. அம்மாவோ, “எம்.ஜி.ஆரையே அமெரிக்காதானே காப்பாற்றியது” என்று சொல்லிவிட்டு, “உங்க ரெண்டு பேர் இஷ்டம்” என்கிறார். நான் வேண்டாம் என்றால், வீட்டுக்காகத் தடுக்கிறேன் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் டெக்சாஸ் இருக்கிறது, வீடு இருக்கிறது, அண்ணனின் கோபம் இருக்கிறது. அமெரிக்காவில் அம்மாவுக்கு என்ன சிகிச்சை தரப்போகிறார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. புற்றுநோய் மருத்துவமனையில் சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் நோயாளிகளின் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியவள் என்ற முறையில் சொல்கிறேன், வெளிநாட்டு வைத்தியம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஊரின் பெயர் முதலில் வந்துவிடும். மருந்தின் பெயர் கடைசி வரை வராமலே போவதும் உண்டு. ஆகவே அண்ணனிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இங்கே கிடைக்காத எந்தச் சிகிச்சை அங்கே கிடைக்கும்? அதன் பெயரை அங்குள்ள ஒரு மருத்துவரிடமிருந்து எழுத்தில் வாங்கித் தர முடியுமா?” என்பதுதான். சண்டையாகக் கேட்காதீர்கள். அவருக்கு ஒரு வேலை கொடுப்பதாக நினைத்துக் கேளுங்கள்.

அம்மாவுக்குச் சொல்லப்பட்டிருக்கும் புரோட்டான் கதிர்வீச்சை எடுத்துக்கொள்வோம். கார்டோமா மெதுவாக வளர்வது. ஆனால் மூளைத்தண்டுக்கும் கண் நரம்புகளுக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பிடிவாதமான கட்டி. அதைக் கட்டுப்படுத்த மிக அதிக அளவு கதிர்வீச்சு தேவைப்படுகிறது. சாதாரண எக்ஸ்ரே கதிர் கட்டியைத் தாண்டியும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். புரோட்டான் துகள்களோ, குறித்த ஆழத்தில் தங்கள் ஆற்றலின் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதனால்தான் மண்டையோட்டு அடிப்பகுதிக் கட்டிகளுக்கு உலகெங்கும் இந்த முறையை விரும்புகிறார்கள். பத்தாண்டுகளுக்கு முன்பு நீங்கள் எழுதியிருந்தால், இதற்காக வெளிநாடு போகத்தான் வேண்டும் என்று நானே சொல்லியிருப்பேன். 2019 ஜனவரியில் தரமணியில் அப்போலோவின் புரோட்டான் மையம் திறக்கப்பட்டது. தெற்காசியாவில் அதுவே முதலாவது. நவி மும்பையின் கார்கரில், டாடா நினைவு மையத்தைச் சேர்ந்த அரசு நிறுவனத்திலும் 2023 முதல் புரோட்டான் சிகிச்சை தருகிறார்கள். எந்த மருத்துவமனைக்கும் நான் விளம்பரம் செய்யவில்லை. இரண்டு இடங்களிலும் மதிப்பீடு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். அண்ணன் விமானம் ஏற்றி அழைத்துப் போக நினைக்கும் அதே வகைச் சிகிச்சை, உங்கள் வீட்டிலிருந்து வேளச்சேரி வழியாக ஆட்டோவில் போகும் தொலைவில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். (ஐப்பசி, கார்த்திகையில் வேளச்சேரிச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சிகிச்சை மழைக்காலத்தில் விழுந்தால், தரமணிப் பக்கத்திலேயே இரண்டு மாதத்துக்கு ஓர் அறை எடுத்துக்கொள்வது நல்லது.)

எம்.ஜி.ஆரைப் பற்றி அம்மா சொன்னதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். 1984-இல் அவரைச் சென்னையிலிருந்து நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோனதும், அங்கே சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்ததும், மருத்துவமனையில் இருந்தபடியே தேர்தலில் வென்றதும், அடுத்த பிப்ரவரியில் அவர் ஊர் திரும்பியதும், அந்தத் தலைமுறையின் மனத்தில் ஆழப் பதிந்தவை. அவர் முதலில் சேர்க்கப்பட்டிருந்த கிரீம்ஸ் சாலை அப்போலோ அப்போதுதான் திறந்து ஓராண்டு ஆகியிருந்தது. இன்று அதே கிரீம்ஸ் சாலைச் சந்துகளில் வங்காள மொழியில் எழுதிய விடுதிப் பலகைகளைப் பார்க்கலாம். வங்கதேசத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஓமானிலிருந்தும் நோயாளிகள் சென்னைக்கு வந்து இறங்குகிறார்கள். இதை அம்மாவிடம் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லலாம்: எம்.ஜி.ஆருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் இங்கிருந்து போன அவருடைய அண்ணன் மகள்.

அமெரிக்காவின் அறிவு அம்மாவுக்குத் தேவையில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேவைதான். அதற்கு அம்மா போவதற்கு முன் அம்மாவின் காகிதங்கள் போகட்டும். அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதை பிளாக் என்பார்கள், அதிலிருந்து சீவி எடுத்துக் கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு. இரண்டாவது கருத்துக்காக என்று எழுதிக் கொடுத்தால் மருத்துவமனையில் தருவார்கள். இது வெறும் சடங்கு அல்ல. அந்த இடத்தில் வரும் காண்ட்ரோசார்கோமா என்ற இன்னொரு கட்டி பார்வைக்கு கார்டோமா போலவே இருக்கும், ஆனால் பொதுவாக அதைவிடச் சாதுவானது. இரண்டையும் பிரித்தறிய பிராக்கியூரி என்ற சாயப் பரிசோதனை உதவுகிறது. உங்கள் அறிக்கையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் எந்த மருத்துவராலும் எதுவும் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்ததும் பின் எடுத்ததும் முழுப் பதிவாக சி.டி.யிலோ பென் டிரைவிலோ வேண்டும். அறுவை சிகிச்சைக் குறிப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் பல, கட்டணம் வாங்கிக்கொண்டு நோயாளி நேரில் வராமலே கருத்து எழுதித் தருகின்றன. அண்ணன் அந்த வேலையைப் பார்க்கட்டும். நீங்கள் அதே காகிதங்களின் இன்னொரு பிரதியோடு, 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் ஒரு கருத்தைக் கேட்டுவிடுங்கள். இரண்டு கருத்துகளும் இப்போதைய மருத்துவர் சொன்னதோடு ஒத்துப்போனால், பாதிச் சண்டை தானாக அடங்கிவிடும்.

பயணத்தைப் பற்றி அண்ணன் யோசித்ததாகத் தெரியவில்லை. சென்னையிலிருந்து டெக்சாஸுக்கு நேர் விமானம் இல்லை. இடையில் இறங்கி மாறுவதையும் சேர்த்தால் ஒரு முழு நாள் ஆகும். மூக்கு வழியாக மண்டையோட்டின் அடிப்பகுதியைத் திறந்து மூடியவர்களுக்கு உள்ளே காற்று தங்கியிருக்கக்கூடும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போலக் குறைவதால், அந்தக் காற்று விரியும். மூளைத் தண்டுவட நீர் மூக்கில் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். போதாக்குறைக்கு, புற்றுநோய் உள்ளவர்கள் நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் மற்றவர்களைவிட அதிகம். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் புதிய ஸ்கேனைப் பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடாமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

விசாவைப் பற்றிச் சுருக்கமாக. மகனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சிகிச்சைக்குப் போகிறோம் என்றால் அதையே சொல்ல வேண்டும். இங்குள்ள மருத்துவரின் கடிதமும், அங்கே ஏற்றுக்கொள்ளும் மருத்துவரின் கடிதமும், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றும் கையில் இருக்க வேண்டும்.

பணத்தைத்தான் நீங்கள் பேசத் தயங்குகிறீர்கள். தயங்காதீர்கள், அது அம்மாவின் பணம். பெற்றோர் அமெரிக்கா போகும்போது பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கும் பயணக் காப்பீடு, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குத் திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைக்குப் பயன்படாது. காப்பீடு இல்லாத வெளிநாட்டு நோயாளியிடம் பெரிய தொகையை முன்பணமாகக் கேட்பது அங்கே வழக்கம். மருத்துவமனைக்கு ஒரு பில், மருத்துவருக்கு ஒரு பில், ஸ்கேனுக்கு ஒரு பில் என்று தனித்தனியாகவும் வரும். ஆகவே எல்லாம் அடங்கிய மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். மருத்துவத்துக்கு அதற்கு மேலும் தேவையென்றால் மருத்துவமனையின் மதிப்பீட்டைக் காட்டி வங்கி வழியாக அனுப்ப முடியும். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு டி.சி.எஸ். என்று வங்கி முன்கூட்டியே வரி பிடிக்கும். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சென்னையிலும் இது மலிவான சிகிச்சை அல்ல. அம்மாவின் மருத்துவக் காப்பீடு புரோட்டானை ஏற்குமா, எந்த வரம்பு வரை என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே பெறுங்கள். போனில் “கவர் ஆகும் மேடம்” என்று சொல்வதை நம்பாதீர்கள். இந்தக் காகிதங்கள் எல்லாம் வந்து சேரும் வரை வீட்டுத் தரகரை வாசற்படி ஏற விடாதீர்கள்.

என் சித்தப்பாவை நாங்கள் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனோம். மூன்றாம் நாள் அங்குள்ள மருத்துவர் கோப்பைப் படித்துவிட்டு, சென்னையில் எழுதிக் கொடுத்த அதே மருந்தையே தொடரச் சொன்னார். அந்தக் கோப்பை முன்பே அனுப்பிக் கேட்டிருக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எதுவும் செய்யாமல் இருக்க முடியவில்லை, போனோம். உங்கள் அண்ணனின் நிலையும் அதுவாக இருக்கலாம். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. அம்மாவை அங்கே அழைத்துக்கொள்வதுதான் தான் பக்கத்தில் இருப்பதற்கான ஒரே வழி என்று அவருக்குப் படுகிறது.

புரோட்டான் சிகிச்சை வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழெட்டு வாரங்கள் நடக்கும். அமெரிக்காவில் 1993 முதல் உள்ள குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின்படி, குறைந்தது 50 பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் குறைந்தது ஓராண்டு முழுநேரமாகப் பணிபுரிந்தவர், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள ஆண்டுக்குப் பன்னிரண்டு வாரம் வரை சம்பளமில்லா விடுப்புக் கேட்கலாம், வேலை பறிபோகாது. இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். விசா முத்திரை காலாவதியாகிவிட்டது, வந்தால் திரும்புவது கஷ்டம் என்பது போன்ற ஏதோ ஒன்றை அவர் உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கவும் கூடும். அப்படியிருந்தால் கேட்கும் விதத்தில் கேளுங்கள், அண்ணியிடமாவது விசாரியுங்கள். கோபத்துக்குப் பின்னால் இருப்பது தெரிந்தால் பேசுவது எளிது.

அமெரிக்காவிலிருந்தும் அடையாறிலிருந்தும் வாங்கும் அந்த இரண்டு கருத்துகளில் ஒன்று, “இங்கே செய்ய முடியாத மறு அறுவை சிகிச்சை தேவை” என்றோ, “இன்ன ஆய்வு மருந்துக்கு இவர் தகுதியானவர்” என்றோ குறிப்பிட்டு வந்தால், நான் மேலே எழுதியதைக் காட்டி அம்மாவைத் தடுக்காதீர்கள். அப்போது போவதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும், திரும்பி வந்த பிறகு யார் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கார்டோமா மறுபடி தலைகாட்டக்கூடியது, ஆண்டுக்கணக்கில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிட்யூட்டரி சுரப்பிக்கு அருகே கதிர் படுவதால் ஹார்மோன் பரிசோதனைகளும், பார்வை, காது பரிசோதனைகளும் தொடரும். அதையெல்லாம் செய்யப்போவது சென்னை மருத்துவர்தான். அவரிடம் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டு, ஆறு மாதம் கழித்துக் கோப்பை நீட்டாதீர்கள்.

அம்மாவின் “உங்க ரெண்டு பேர் இஷ்டம்” என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் சண்டை போடுவதைப் பார்த்துப் பயந்தவர் சொல்வது அது. நீங்கள் இல்லாமல், அண்ணனும் போனில் இல்லாமல், அம்மா தனியாகத் தன் மருத்துவரிடம் பேச அரைமணி நேரம் ஏற்பாடு செய்யுங்கள். எத்தனை வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்க வேண்டும் என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் உங்களுக்கு இருக்கும் அவகாசம் அந்தத் தேதி வரைதான். பிளாக், ஸ்லைடு கேட்டு எழுதும் கடிதத்தில் அம்மாவின் கையெழுத்து வேண்டியிருக்கும். அதை வாங்கும் சாக்கில் இந்தப் பேச்சைத் தொடங்கலாம்.