தராசு சொல்வதெல்லாம் உண்மையா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த புதுத் தராசு, அல்லது ஜிம்மில் ஏறி நின்ற மெசின், அது துப்பிய எண்கள், அந்த எண்களால் வந்த கவலை. அதனால் இந்த இதழை அதற்கே விட்டுவிட்டேன். முழங்கால் வலி பற்றி எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த முறை கட்டாயம்.

கேள்வி: கனடாவில் இருக்கும் தம்பி லீவில் வந்தபோது போனோடு இணைக்கும் தராசு ஒன்று தந்துவிட்டுப் போனான். விடிய ஏறினால் உடல் கொழுப்பு 36 சதவீதம் என்கிறது, பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்து ஏறினால் 33. உடல் வயது 54 என்றும் காட்டுகிறது, எனக்கு 41 தான். உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 63 கிலோ. எதை நம்புவது?
– ஆசிரியை, விசுவமடு

பதில்: டீச்சர், முதலில் அந்த உடல் வயதை மறந்துவிடுங்கள். அது மருத்துவ அளவே இல்லை, தராசு செய்த கம்பனி தன்பாட்டில் போட்ட கணக்கு.

இனி 36, 33 கதைக்கு வருவோம். 63 கிலோவில் மூன்று சதவீதம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்தினால் இரண்டு கிலோ கொழுப்புப் போய்விடும் என்றால் நாட்டில் எந்த ஆசிரியருக்கும் வயிறு இருக்காது. நடப்பது வேறு. அந்தத் தராசுக்குக் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒரு பாதத்தால் மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, மற்றப் பாதத்தால் வாங்கி, வழியில் எவ்வளவு தடை இருந்தது என்று மட்டும்தான் பார்க்கிறது. தண்ணீர் கூடிய தசையில் மின்சாரம் லேசாகப் போகும், கொழுப்பில் போகாது. அந்தத் தடையை எடுத்து, நீங்கள் போனில் பதிந்த வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதையெல்லாம் சேர்த்து, வேறு யாரோ சனங்களை அளந்து எழுதிய ஒரு சூத்திரத்தில் போட்டு விடை சொல்கிறது. இரவெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வேர்த்துப் படுத்து எழும்பினால் உடம்பில் நீர் குறைவு, தடை கூட, அதைக் கொழுப்பு என்று எழுதிவிடும். நாள் முழுக்க நின்று கற்பித்துவிட்டு வந்தால் காலில் நீர் இறங்கியிருக்கும், உடனே கொழுப்புக் குறைந்துவிட்டதாகக் காட்டும். போதாக்குறைக்கு, மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகவே போய் வருவதால் வயிற்றில் இருப்பதை அது ஊகிக்க மட்டுமே செய்கிறது.

ஆனால் தராசைத் தூக்கி எறியவும் வேண்டாம். கிழமைக்கு ஒரு நாள், விடிய, கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல், ஈரம் இல்லாத காலோடு, சமமான சீமெந்துத் தரையில் வைத்து ஏறுங்கள். அன்றைய எண்ணைப் பார்த்து அழவோ சிரிக்கவோ வேண்டாம், மூன்று மாதத்தில் அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் செய்தி. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் இந்த மாதிரித் தராசில் ஏறவே கூடாது, கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. இதை விடத் திருத்தமாக அளக்க டெக்ஸா என்ற எக்ஸ்ரே மெசின் இருக்கிறது, எலும்பின் அடர்த்தி பார்க்க வந்தது. கொழுப்பு சதவீதம் தெரிவதற்காக மட்டும் அதைத் தேடிக் கொழும்புக்கு பஸ் ஏறாதீர்கள்.

உங்கள் பி.எம்.ஐ, அதாவது உடற்திணிவுச் சுட்டி, 26.2 வருகிறது (நிறையை, மீற்றரில் உயரத்தால் இரண்டு தரம் பிரித்தால் சரி). 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்துப் புள்ளிவிபர அறிஞர் கெற்றலே சனத்தொகையைப் பற்றிப் படிக்கப் போட்ட கணக்கு அது, தனி ஆளுக்குத் தீர்ப்புச் சொல்ல அல்ல. இருந்தாலும் ஒரு முதல் பார்வைக்கு உதவும். ஆசிய மக்களுக்கு 23க்கு மேல் போனாலே கவனம் வேண்டும், 27.5க்கு மேல் ஆபத்துக் கூட என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் சொன்னார்கள். நீங்கள் இரண்டுக்கும் நடுவில். பயப்படுகிற இடம் இல்லை, சும்மா விடுகிற இடமும் இல்லை.

நான் என்றால் இதைத்தான் இலக்காக வைப்பேன்: நான்கு மாதத்தில் மூன்று கிலோ. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் நிறையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே சீனியும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். கிழமையில் ஐந்து நாள் அரை மணி வேக நடை. (வாய்க்கால் கரையில் பெண்கள் தனியே நடந்தால் நாயும் துரத்தும், ஊரும் கதைக்கும், இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள், இரண்டும் அடங்கும்.) கிழமைக்கு இரண்டு தரம் தசைக்கு வேலை: கதிரையில் கை ஊன்றாமல் இருந்து எழும்புவது, சுவரைத் தள்ளுவது, இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு முற்றத்தைச் சுற்றுவது. அப்புறம் தேத்தண்ணி. நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி என்றால் அதுவே கிட்டத்தட்ட 60 கிராம், 240 கலோரி. சோற்றில் கை வைக்கும் முன் அங்கே கை வையுங்கள்.

கேள்வி: வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். சாரம் கட்டும் இடத்தில் அளந்தேன், 88. மனிசி நம்புகிறா இல்லை.
– கடைக்காரர், முள்ளியவளை

பதில்: அக்கா சொல்வதுதான் சரி. வயிறு வளர வளர நாம் சாரத்தைக் கீழே கீழே இறக்கிக் கட்டுகிறோம், அதனால்தான் பத்து வருடமாக ஒரே அளவுக் காற்சட்டை போடுகிறேன் என்று பெருமையாகச் சொல்ல முடிகிறது. பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தடவிப் பிடியுங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பைப் பிடியுங்கள், இரண்டுக்கும் நடுவில் தையல் நாடாவைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டபடி, வயிற்றை எக்காமல். நாடாவை அக்காவே பிடிக்கட்டும். 90 ஆண்களுக்கு, பெண்களுக்கு 80. எண் மறந்து போகும் என்றால், உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில், வீட்டில் வைத்திருக்கக்கூடிய அளவுகருவிகளில் அந்த நாடாவுக்கு மேல் ஒன்றும் இல்லை.

கேள்வி: வயது 19, உயரம் 172, நிறை 52 கிலோ. மூன்று மாதத்தில் 15 கிலோ கூட்டி சிக்ஸ் பேக் வைக்க வேண்டும். ஜிம்மில் ஒரு அண்ணா புரோட்டீன் பவுடரும் ஊசியும் இருந்தால் சரி என்கிறார். வாங்கவா?
– மல்லாவி

பதில்: ஊசி வேண்டாம் தம்பி. தசை ஏற்ற என்று கை மாறி வரும் ஊசிகள் பெரும்பாலும் ஸ்டீரொய்ட் வகை, ஈரல், இதயம், விந்து என்று எல்லாவற்றிலும் கை வைக்கும், உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. அதைச் சொல்கிற ஆளை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பயிற்சி செய்யுங்கள்.

உங்கள் பி.எம்.ஐ 17.6, அதாவது நிறை குறைவு. சிக்ஸ் பேக் பற்றிக் கவலை வேண்டாம், இந்த நிறையில் அது ஏற்கெனவே தெரியும், பின்னால் தசைதான் இல்லை. புதிதாகப் பயிற்சி தொடங்கும் ஒரு இளைஞனுக்கு, எல்லாம் சரியாகப் போனால், மாதத்துக்கு அரைக் கிலோவில் இருந்து ஒரு கிலோ வரை தசை ஏறும். மூன்று மாதத்தில் 15 கிலோ ஏறினால் அது தசையாக இருக்காது. ஆகவே ஒரு வருடத்தில் 60 கிலோ என்று வையுங்கள். அதோடு எண்ணில் இல்லாத ஒரு இலக்கும் வையுங்கள், உதாரணமாக, இன்று தூக்க முடியாத 50 கிலோ நெல் மூட்டையை முதுகு வளையாமல் தூக்கி ட்ரக்டரில் வைப்பது.

புரதம் உங்களுக்கு நாளுக்கு 80 கிராம் சுற்றி வேண்டும். மூன்று முட்டையில் 18, ஒரு பெரிய மீன் துண்டில் 30 அளவில் (குளத்து மீனும் மீன்தான், குறைவாக நினைக்காதீர்கள்), ஒரு கைப்பிடி கச்சானில் 7, 8 அளவில், பருப்புக் கறியில் 12, மிச்சம் சோறே தரும். பவுடர் கெட்டது என்று சொல்லவில்லை. அந்தக் காசுக்கு வீட்டில் எல்லாருமே முட்டை சாப்பிடலாம், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: நன்றாகச் சாப்பிட்டும் நிறை இறங்கிக்கொண்டே போனால், அல்லது தாகமும் சிறுநீரும் கூடினால், நீடித்த இருமல் இருந்தால், ஜிம்முக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: 2009இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு நிறுத்தால் 68 கிலோ, உயரம் 168. கிளினிக் அட்டையில் பி.எம்.ஐ 24 என்று எழுதியிருக்கிறது. இந்தக் கணக்கு எனக்குப் பொருந்துமா?
– புதுக்குடியிருப்பு

பதில்: ஐயா, அப்படியே பொருந்தாது. அட்டை உங்களை இரண்டு காலோடு இருக்கிற 68 கிலோ ஆளாக நினைக்கிறது. பாதத்தோடு சேர்த்து முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி மொத்த நிறையில் கிட்டத்தட்ட ஆறு சதவீதம். முழுதும் போயிருந்தால் 68ஐ 0.94ஆல் பிரிக்க வேண்டும், 72 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும், பி.எம்.ஐ 25.6. முழங்காலுக்குக் கீழே கட்டை நீளமாக மிஞ்சியிருந்தால் 24க்கும் 25.6க்கும் இடையில் எங்கோ நிற்கும். இழந்தது தொடையோடு சேர்த்து முழுக் காலும் என்றால் 16 சதவீதம், அப்போது வித்தியாசம் இன்னும் பெரிது. வன்னியில் எத்தனை வீட்டில் இந்தக் கணக்குத் தேவை என்று நினைத்துப் பார்த்தால், இது ஒவ்வொரு கிளினிக் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டியது.

இரண்டு பாதம் வைக்கும் கொழுப்புத் தராசு உங்களுக்கு வேலைக்காகாது, விட்டுவிடுங்கள். நாடாவுக்குக் கால் கணக்கில்லை, வயிற்றை அளந்து, உங்கள் உயரத்தில் பாதியான 84க்குள் வைத்திருக்கப் பாருங்கள். நிறையைக் கெதியாகக் குறைக்க மட்டும் வேண்டாம், கட்டையின் சுற்றளவு மாறினால் செயற்கைக் காலின் கிண்ணம் தளர்ந்து தோலை உரசிப் புண்ணாக்கும். மாதத்துக்கு ஒரு கிலோ போதும். குறையக் குறையக் கால் செய்து தந்த இடத்தில் காட்டிப் பொருத்தம் பாருங்கள். நடையைக் கூட்டுவதை விட முதலில் கைக்கும் தோளுக்கும் வேலை கொடுங்கள், நல்ல காலின் முழங்காலுக்கு ஏற்கெனவே இரட்டைச் சுமை.

கேள்வி: எனக்கு 24 வயது. பெண்களும் 15 சதவீதக் கொழுப்புக்கு வந்தால்தான் ஃபிட் என்று ஒரு வீடியோவில் பார்த்து, சோற்றை விட்டு, இரண்டு நேரம் பயிற்சி செய்தேன். நிறை நல்லாய்க் குறைந்தது, ஆனால் மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை.
– வவுனியா

பதில்: தங்கச்சி, பயிற்சியைப் பாதியாக்கி, சோற்றைத் திரும்பக் கோப்பையில் போட்டுவிட்டு, இந்தக் கிழமையே ஒரு வைத்தியரைப் பாருங்கள். பெண்ணுடம்புக்கு உயிர் வாழவே பத்துப் பன்னிரண்டு சதவீதக் கொழுப்பு வேண்டும், அதற்கு மேலே இருப்பது அழுக்கு அல்ல, ஹோர்மோன் அதை நம்பித்தான் ஓடுகிறது. உடம்புக்குப் போகிற சாப்பாடு செலவுக்குக் காணாது என்றால் முதலில் மாதவிடாயை நிறுத்தும், எலும்பு பிறகு தேயும். மேடை ஏறுகிற போட்டியாளர்களே சில கிழமைக்கு மட்டும் வைத்திருக்கிற உடம்பு அது.

கேள்வி: அம்மா ஒல்லி, 47 கிலோ, உயரம் 150. ஆனால் சீனி வருத்தம் என்கிறார்கள். எப்படி?
– மாங்குளம்

பதில்: வயிற்றை அளந்து பாருங்கள், 80ஐத் தாண்டியிருக்கலாம். தெற்காசியர்களில் இது நிறைய: கை கால் ஒல்லி, தசை குறைவு, கொழுப்பு முழுவதும் உள்ளே ஈரலைச் சுற்றி. பி.எம்.ஐ 20.9 என்று நல்ல பெயர் வாங்கித் தரும். அம்மா நிறை குறைக்கவே கூடாது. சாப்பிட்ட சீனியைப் பெரும்பாலும் வாங்கி வைப்பது தசைதான், ஆகவே கதிரையில் இருந்து எழும்பும் பயிற்சியும், கோப்பையில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து மீனும் பயறும் முருங்கையிலையும் கூட்டுவதும்தான் வழி. மருந்தை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: வயல் செய்கிறவனுக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி?
– துணுக்காய்

பதில்: உழைக்கிற கிழமைகளில் தேவையில்லை. ஆனால் அரிவாளோடு குனிந்து வெட்டிய வேலையை இப்போது வெட்டு மெசின் ஒரு பின்னேரத்தில் முடிக்கிறது, வரம்பைச் சுற்றவும் மோட்டார் சைக்கிள். காலபோகம் வெட்டி முடிந்து, சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் காணாத வருடங்களில் மாதக்கணக்காகப் படலையடியில் இருந்து கதைக்கிற காலமும் இருக்கிறது, சாப்பாடு மட்டும் வெட்டுக் காலத்து அளவிலேயே போகும். அறுவடை முடிந்ததும் ஒரு தரம் வயிற்றை அளந்து அட்டையில் குறியுங்கள், விதைப்புக்கு முன் இன்னொரு தரம். மூன்று நான்கு சென்ரிமீற்றர் ஏறியிருந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். 35 வயது தாண்டியவர் என்றால் அரச ஆஸ்பத்திரியில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் எந்த நாள் என்று கேட்டுப் போங்கள், நிறை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். சீனி பார்க்க வெறும் வயிற்றோடு போக வேண்டும், வழியில் கடையைக் கண்டு ஒரு பிளேன்டீ அடித்துவிடாதீர்கள்.