பேண்டேஜ் சுற்றும்போதே கை நடுங்குகிறது

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 19 வயது. காலேஜில் இரண்டாம் வருடம். ஒன்றரை வருடமாக பாக்ஸிங் கற்றுக்கொள்கிறேன். ஸ்பேரிங்கில், அதாவது கிளப்புக்குள் ஆடும் பயிற்சி ஆட்டத்தில், எனக்குப் பிரச்சினையே இல்லை, பையன்களோடும் ஆடுவேன். போன மாதம் வேறொரு கிளப்போடு நட்பு ஆட்டம் வைத்தார்கள். அன்று காலையிலேயே வாந்தி. நாலு தடவை பாத்ரூம் போனேன். கிளவுஸுக்குள் கையில் சுற்றும் பேண்டேஜ் துணியைச் சுற்றும்போதே கை நடுங்கியது. ரிங்கில் ஏறியதும் கை எழும்பவே இல்லை. முதல் ரவுண்டு முடிவதற்குள் மூச்சு போய்விட்டது, தோற்றேன். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி, 54 கிலோ பிரிவு. இப்போதிருந்தே தூக்கம் வரவில்லை. அப்பா அந்தக் காலத்தில் ஆடியவர். ‘நம்ம வீட்ல யாரும் பயந்தது கிடையாது’ என்கிறார். மாஸ்டர் ‘பயப்படாத’ என்கிறார். எப்படிப் பயப்படாமல் இருப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. இந்த ஆட்டம் எனக்குச் சரிவராதா?
— பெயர் வேண்டாம், வியாசர்பாடி

அன்புத் தங்கைக்கு,

சரிவரும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதிக் கடிதத்தை நீ நிம்மதியாகப் படிக்க மாட்டாய்.

பையன்களோடு ஸ்பேரிங் ஆடுகிறவளுக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. அன்றைக்கு நீ தோற்றது மணி அடிப்பதற்கு முன்னாலேயே. உன் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பார். வாந்தி, பாத்ரூம், கை, மூச்சு என்று எழுதியிருக்கிறாய். எதிரே நின்ற பெண் எப்படி ஆடினாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளோடு நீ ஆடவே இல்லையம்மா. காலையிலிருந்து உன் உடம்போடு ஆடிக் களைத்துப் போய்த்தான் ரிங்கில் ஏறியிருக்கிறாய்.

அந்த உடம்பு அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அட்ரினலின் சுரந்தால் ரத்தம் வயிற்றை விட்டுக் கைகால் தசைகளுக்குப் போகும். அதனால்தான் குமட்டல். அடிக்கடி பாத்ரூம் வருவது, வாய் உலர்வது, விரல் நுனி சில்லென்று ஆவது எல்லாம் அந்த வகைதான். சிலருக்குக் கொட்டாவி கொட்டாவியாக வரும், பார்க்கிறவர்கள் தூங்கி வழிகிறாள் என்று நினைப்பார்கள். இதில் எதுவும் நோய் இல்லை. நீ அதை நோய் என்று எடுத்துக்கொண்டு ‘ஐயோ, வந்துவிட்டதே’ என்று பயந்தாய். பயத்தைப் பார்த்தே இன்னொரு பயம். மூச்சைக் குடித்தது அந்த இரண்டாவது பயம்தான்.

என் முதல் போட்டியைச் சொல்கிறேன். அப்போது பெண்களுக்கு இரண்டு நிமிட ரவுண்டு நான்கு. இப்போது உங்களுக்கு மூன்று நிமிடத்தில் மூன்று. காலையில் எடை பார்த்ததும் நேராகப் போய் ரிங் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். என் ஆட்டம் சாயங்காலம்தான். அதுவரை நடந்த எல்லா ஆட்டத்தையும் பார்த்தேன். யாருக்கு அடி விழுந்தாலும் என் தோள் குலுங்கியது, யார் குத்தினாலும் என் முஷ்டி இறுகியது. என் பெயரைக் கூப்பிட்டபோது பத்துப் பேரோடு ஆடி முடித்தவள் மாதிரி கால் வெறுமையாக இருந்தது. அடுத்த போட்டியில் சீனியர் அக்கா ஒருவர் என்னை அங்கே உட்காரவே விடவில்லை. ஹாலுக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய், துண்டை விரித்துப் படுக்கவைத்து, காலைச் சுவரில் தூக்கிப் போடச் சொன்னார். ‘ஆட்டம் ஒன்பது நிமிஷம்கூட இல்ல. நீ எதுக்குடி ஒன்பது மணி நேரம் ஆடற?’ என்றார். அந்தக் கேள்விதான் இன்றைக்கு நான் உனக்குத் தரும் மருந்து.

போட்டி நாளில் காத்திருப்பதைக் கற்றுக்கொள். எடை பார்ப்பார்கள், டாக்டர் பரிசோதிப்பார், கர்ப்பமாக இல்லை என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். முதல் தடவை அந்தத் தாளை நீட்டும்போது சில பெண்கள் ஆடிப்போய்விடுவார்கள், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். அது முடிந்ததும் சாப்பிடு. இட்லியோ வாழைப்பழமோ, வீட்டில் பழகிய சாப்பாடாக இருக்கட்டும். அன்றைக்குப் பார்த்துப் புதிதாக எதையும் முயற்சி செய்யாதே. ஆட்டத்துக்கு முன்னால் சாப்பிட்டது இறங்க இரண்டு மூன்று மணி நேரம் இருக்கட்டும், அப்புறம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் போதும். உனக்கு எத்தனையாவது ஆட்டம் என்று தெரிந்துகொண்டு ஹாலை விட்டு வெளியே போய்விடு. எதிராளி யார், எந்த ஊர், எத்தனை மெடல் என்று விசாரித்துக்கொண்டு வந்து சொல்ல ஆள் இருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடு. மாஸ்டருக்குத் தெரிந்தால் போதும்.

உனக்கு முன்னால் நாலு ஆட்டம் இருக்கும்போது உள்ளே வா. பேண்டேஜ் சுற்ற ஆரம்பி. இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேள், உன் கை நடுங்குகிற இடம் இதுதான். கட்டைவிரலில் வளையத்தை மாட்டு. மணிக்கட்டில் மூன்று சுற்று. சுற்றும்போது மூக்கால் மூச்சை இழுத்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் வாயால் மெதுவாக விடு. வெளியே விடும் மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு இறங்கும், உடம்பின் அமைப்பே அப்படி. அப்புறம் முஷ்டி எலும்புகள்மேல் மூன்று சுற்று. மறுபடி அதே மூச்சு. பிறகு விரல் இடுக்குகள். ஒவ்வோர் இடுக்குக்கும் ஒரு மூச்சு. திரும்ப மணிக்கட்டுக்கு வந்து ஒட்டிவிட்டு, கையை மூடித் திறந்து பார். விரல் மரத்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்று, அவசரமே இல்லை. இரண்டு கையும் முடிய ஐந்தாறு நிமிடம் ஆகட்டும். இதே வரிசையில், இதே மூச்சோடு, நாளையிலிருந்து தினமும் பயிற்சியிலும் சுற்று. ஒரு மாதத்தில் துணி மணிக்கட்டைத் தொட்டதுமே உடம்பு தானாக இறங்கும். அன்றைக்குக் கை நடுங்கினாலும் நடுங்கிக்கொண்டே சுற்றும், அது போதும்.

பேண்டேஜ் முடிந்ததும் வேர்வை வர வேண்டும். நட்பு ஆட்டத்தில் நீ உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து அப்படியே ரிங்கில் ஏறியிருப்பாய் என்று நினைக்கிறேன். சரியா? உடம்பு சூடாகாமல் ஏறினால் முதல் ரவுண்டு முழுக்கச் சூடேற்றுவதிலேயே போய்விடும். ஷேடோ (காற்றில் குத்துவது), கொஞ்சம் ஸ்கிப்பிங், மாஸ்டரிடம் பேட்ஸ் (அவர் கையில் பிடிக்கும் மெத்தையில் குத்துவது) என்று பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு தடவை நன்றாக மூச்சு வாங்கட்டும், அப்புறம் அடங்கட்டும். முதல் மூச்சிரைப்பை ரிங்குக்கு வெளியிலேயே கழித்துவிட வேண்டும். துண்டைப் போர்த்திக்கொள், வேர்வை ஆறக் கூடாது.

ரிங்கில் ஏறியதும் கயிற்றைத் தொட்டு ஒரு சுற்று நட. தரை மெத்தென்று இருக்கிறதா, வழுக்குகிறதா என்று காலால் பார். மணி அடித்த பிறகு முதல் முப்பது விநாடிக்கு உனக்கு ஒரே வேலைதான்: லெப்ட் ஜாப் (இடது கையால் நேராகப் போடும் சின்னக் குத்து), ஒரு அடி பக்கவாட்டில், மறுபடி லெப்ட் ஜாப். ஜெயிப்பதைப் பற்றி அப்போது யோசிக்காதே. ஒவ்வொரு குத்துக்கும் ‘ஷ்’ என்று மூச்சை வெளியே விடு, அந்தச் சத்தம் உன் காதில் விழ வேண்டும். போன தடவை மூச்சு போனதற்குப் பாதிக் காரணம் நீ மூச்சையே விடாமல் ஆடியதாக இருக்கும். முதல் அடி உன்மேல் விழும்போது ஒன்று கவனிப்பாய். நினைத்ததைவிட அது சின்னதாக இருக்கும். ஸ்பேரிங்கில் தினம் வாங்குவதுதானே! அந்த இடத்தில் நிறையப் பேருக்குப் பயம் கழன்று போய்விடும்.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. உன் கிளப் பையன்களை உனக்குத் தெரியும், யார் எப்போது லெப்ட் போடுவான் என்பதுவரை தெரியும். அதனால் அவர்களிடம் பயமில்லை. தெரியாத முகம், தெரியாத கை, தெரியாத ஹால், இதுதான் உன்னை உறைய வைக்கிறது. மாஸ்டரிடம் ‘எனக்குப் பயமா இருக்கு’ என்று சொல்வதோடு நிறுத்தாமல், ‘எனக்குத் தெரியாத பொண்ணுங்களோட வாரம் ஒரு தடவை ஸ்பேரிங் வேணும்’ என்று கேள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்கார்டு, ஜெர்சி எல்லாம் போட்டு, நாலு பேரை உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் காக்கவைத்து, திடீரென்று கூப்பிட்டு ஆடவிடச் சொல். நல்ல மாஸ்டர் சந்தோஷமாகச் செய்வார்.

‘பயப்படாத’ என்ற சொல்லால் பிரயோஜனம் இல்லை என்பது என் அனுபவம். துடிக்கிற இதயத்தை ‘துடிக்காதே’ என்றால் கேட்குமா? ஹார்வர்டிலிருந்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. மேடையில் பேசவும் பாடவும் கணக்குப் போடவும் ஆட்களை விட்டுப் பார்த்தார்கள். ‘அமைதியாக இருக்கிறேன்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர்களைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடப்பும் உற்சாகமும் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான், நாம் வைக்கும் பெயர்தான் வேறு. நீ ‘ரெடி’ என்று சொல்லிப் பழகு. வாந்தி வந்தாலும் வாயைக் கொப்பளித்துவிட்டு ‘ரெடி’ என்று சொல்.

இப்போது அப்பா விஷயம். அவர் ஆடிய காலத்தின் பெருமை எனக்குத் தெரியும். நம் பாக்ஸர் தேவராஜன் சென்னையிலிருந்து 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வரை போன காலத்தில் வளர்ந்த பையன்கள் எல்லாம் அப்படித்தான் நெஞ்சை நிமிர்த்திப் பேசுவார்கள். ஆனால் ‘யாரும் பயந்தது கிடையாது’ என்பதை நான் ஏற்க மாட்டேன். ஃபிளாய்ட் பேட்டர்சன் என்று ஓர் அமெரிக்கர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம், 21 வயதில் உலக ஹெவிவெயிட் சாம்பியன். அப்படிப்பட்டவர் 1962-இல் சிகாகோவில் சன்னி லிஸ்டனோடு மோதப் போகும்போது பையில் ஒட்டுத் தாடி எடுத்துக்கொண்டு போனார். முதல் ரவுண்டிலேயே தோற்றார். தாடியை ஒட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் ஊரை விட்டுக் கிளம்பினார். அடி வாங்குவதற்கு அஞ்சுகிறவர் லிஸ்டன் முன்னால் போய் நிற்கவே மாட்டார். தோற்ற பிறகு மனிதர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவருடைய பயம். அதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசினார்.

உன் கடிதத்திலும் எனக்குத் தெரிந்தது அந்தத் தாடிதான். நீ எதிராளிக்குப் பயப்படவில்லை. தோற்றுவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது அப்பா முகம் எப்படி இருக்கும் என்று பயப்படுகிறாய். நான் நினைப்பது தப்பாக இருந்தால் மன்னித்துவிடு. சரியாக இருந்தால், போட்டிக்கு முன்னால் ஒரு ராத்திரி அவர் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய், ‘உங்க மொத ஃபைட்டுக்கு முந்தின ராத்திரி தூங்குனீங்களாப்பா?’ என்று கேள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். பதிலுக்குக் காத்திரு. பழைய ஆட்டக்காரர்கள் பலரிடம் இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். தூங்கினேன் என்று சொன்னவர்கள் குறைவு.

கடைசியாக, எல்லாப் பயத்தையும் ஒதுக்கிவிடாதே. ஸ்பேரிங்கில் தலையில் அடி வாங்கிய பிறகு தலைவலி, கிறுகிறுப்பு, பார்வை மங்கல் இருந்தால் அந்தப் பயம் சரியான பயம். டாக்டரைப் பார், அவர் சரி என்று சொல்லும்வரை ரிங் பக்கம் போகாதே, போட்டி போனால் போகட்டும். இன்னொன்றும் கேட்க வேண்டும்: உன் இயல்பான எடை என்ன? 54-க்கு வருவதற்காகத் தண்ணீர் குடிக்காமலும் சாப்பிடாமலும் இருந்தாயா? அப்படியென்றால் நட்பு ஆட்டத்தில் கை எழும்பாததற்குப் பாதிப் பழி பயத்தின்மேல் போடக் கூடாது. ஒரு பிரிவு மேலே போய் வயிறாரச் சாப்பிட்டு ஆடு. தூக்கமில்லாத ராத்திரிகள் தொடர்ந்தால், காலையில் பயிற்சிக்குப் போகவே வெறுப்பாக இருந்தால், இந்தப் போட்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஆடு. மாஸ்டரிடம் அதை நேராகச் சொல். காலேஜில் கவுன்சிலர் இருந்தால் அவரிடமும் பேசு.

முடிந்ததும் எனக்கு எழுது. ஜெயித்தாயா தோற்றாயா என்பதை இரண்டாவது வரியில் எழுதினால் போதும். அன்றைக்கு மத்தியானம் எங்கே படுத்திருந்தாய், சாப்பாடு இறங்கியதா, அப்பா என்ன பதில் சொன்னார் என்பதை முதலில் எழுது.

அன்புடன்,
அக்கா