கையை விட்டா வீல் தானா சுழலோணும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான் உப்புவெளி. பிசியில அசெட்டோ கோர்சா எண்ட கார் ரேஸ் கேம் விளையாடுறன், இவ்வளவு நாளும் கேம்பேட்தான், இப்ப ட்ரிஃப்ட், அதுதான் காரைச் சறுக்க விட்டு ஓடுறது, பழகோணும் எண்டு சரியான ஆசை. கொழும்பில ஒரு கடையில பீஎக்ஸ்என் வீ9 எண்ட ஸ்டியரிங் வீல் புதுசா இருக்கு, கியர் லீவர், மூண்டு பெடல் எல்லாத்தோடயும் வருது. கொஞ்சம் கூடக் காசு போட்டா லொஜிடெக் ஜீ29 ஒண்டு பாவிச்சது எடுக்கலாம், ஆனா கியர் லீவர் இல்ல. வீட்டில புதுசை வாரண்டியோட வாங்கு எண்டுதான் சொல்லுறாங்கள். எதை எடுக்கிறது?

பதில்: தம்பி, பாவிச்ச ஜீ29ஐ எடுங்கோ. வீட்டுக்காரருக்குக் காரணம் சொல்லோணும்தானே, அதை விளக்கமாவே சொல்லுறன்.

காரின்ர பின்பக்கம் விலகிச் சறுக்கத் தொடங்கினா முன்சில்லு ரெண்டும் கார் உண்மையில எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் திரும்பத்தான் பாக்கும். முன்சில்லு திரும்புற அச்சை பின்னால கொஞ்சம் சாய்ச்சுத்தான் வைப்பாங்கள், மெக்கானிக்மார் காஸ்டர் எண்டு சொல்லுறது அதைத்தான், அதுவும் டயர் ரோட்டைப் பிடிக்கிற விதமும் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்யுது. அதால நல்லா ட்ரிஃப்ட் ஓடுற ஆக்கள் ஸ்டியரிங்கை மல்லுக்கட்டித் திருப்ப மாட்டாங்கள், கையை லூசா விடுவாங்கள், வீல் உள்ளங்கைக்குள்ளால தானா சுழண்டு எதிர்ப்பக்கம் ஓடும், வேண்டிய இடம் வந்தவுடன பொத்திப் பிடிப்பாங்கள், பிறகு மிச்சத்தை எக்ஸிலேட்டரால பாத்துக்கொள்ளுவாங்கள். ட்ரிஃப்டில முக்கால்வாசி இதுதான்.

இப்ப கேமுக்குள்ள அந்த வீலை ஆர் சுழட்டுறது? உள்ள ஒரு மோட்டர் இருந்து, கேம் சொல்லுற பக்கம் சொல்லுற பலத்தில அதைத் திருப்போணும். அதுக்குத்தான் போர்ஸ் ஃபீட்பேக் எண்டு பேர். வீ9 இல அது இல்ல. 900 பாகை சுத்துது, மூண்டு பெடல் இருக்கு, கியர் லீவர் இருக்கு, எல்லாம் உண்மை, ஆனா உள்ள இருக்கிறது கையை அதிர வைக்கிற மோட்டரும், விட்டா நடுவுக்கு இழுக்கிற ஏற்பாடும் மட்டும்தான். யோசிச்சுப் பாருங்கோ, கார் சறுக்கேக்க முன்சில்லு எதிர்ப்பக்கம் போகோணும், அந்த நேரம் கையை விட்டா இந்த வீல் நடுவுக்கு வந்து நிக்கும். நீங்கள் பழக வேண்டியதுக்கு நேர் எதிர்மாறா அது பழக்கும். சாதாரண ரேஸ், லொறி ஓடுற கேம், பஸ் ஓடுற கேம் எண்டா அதையே வாங்குங்கோ எண்டு சொல்லியிருப்பன், அதுகளுக்கு அது நல்ல சாமான்தான்.

கியர் லீவர் இல்லையே எண்டு யோசிக்காதேங்கோ. ட்ரிஃப்ட் ஓடேக்க அநேகமா ரெண்டாம் கியர், மூண்டாம் கியர், அவ்வளவுதான், அதுக்கு வீலுக்குப் பின்னால இருக்கிற, விரலால கியர் மாத்துற பேடில் காணும். ஆனா கிளட்ச் பெடல் கட்டாயம் இருக்கோணும், ஜீ29 இல அது இருக்கு. வேகம் குறைஞ்சு பின்சில்லு பிடிச்சிடப்போகுது எண்டு தெரியேக்க கிளட்சை ஒரு உதை உதைச்சு விட்டா இன்ஜின் எகிறி சில்லு திரும்பச் சுழலத் தொடங்கும், இது இல்லாம குறைஞ்ச பவர் கார்ல ட்ரிஃப்டைத் தொடர்ந்து பிடிக்கிறது கஷ்டம். திரஸ்ட்மாஸ்டர் டீ150, டீ128 ரெண்டும் மலிவா அம்பிடும், போர்ஸ் ஃபீட்பேக்கும் இருக்கு, ஆனா பெட்டிக்குள்ள ரெண்டு பெடல்தான் வரும், அதைப் பாத்து வாங்குங்கோ. டீ150 ப்ரோ எண்டா மூண்டு பெடல்.

எல்லாரும் கேக்கிற அடுத்த விசயம், இது எத்தினை நியூட்டன் மீற்றர் எண்டுறது. ஜீ29 ஏறத்தாழ 2, மற்றக் கொம்பனி வீல்களில மோசா ஆர்3 3.9, ஆர்5 5.5, ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5. இந்தக் கணக்கு கையில விழுற பாரத்தைச் சொல்லும், ட்ரிஃப்டுக்கு அதைவிட முக்கியம் வீல் எவ்வளவு கெதியா திரும்புது எண்டது. ஜீ29க்குள்ள ரெண்டு சின்ன மோட்டர், பல்சில்லு வழியாத்தான் பலத்தைக் கூட்டுது, அப்பிடிக் கூட்டேக்க வேகம் குறையும், பல்லுக்கு இடையில உரசலும் இருக்கும். அதால பெரிய சறுக்கல்ல வீல் கொஞ்சம் பிந்தித்தான் வரும், நீங்கள் மணிக்கட்டால ஒரு தட்டுத் தட்டி அனுப்பி உதவி செய்யோணும். திரஸ்ட்மாஸ்டர் டீ300 பெல்ட்டில ஓடுறது, அது இன்னும் கெதி, ட்ரிஃப்ட் பொடியளுக்கு அதில விருப்பம் கூட. டைரக்ட் டிரைவ் எண்டா வீல் நேரா மோட்டர் தண்டிலயே பூட்டியிருக்கும், நடுவில பல்லும் இல்ல பெல்ட்டும் இல்ல, கையை விட்டா பறக்கும். காசு இருந்தா ஆர்5ஐ எடுங்கோ எண்டு ஒரே வரியில முடிச்சிருப்பன். காசு இல்லாத இடத்தில ஜீ29 தான் நல்ல ஆரம்பம், அதில பழகின கை பிறகு எந்த வீலிலயும் ஓடும்.

இனி பாவிச்ச சாமானை எப்பிடிப் பாத்து எடுக்கிறது எண்டு சொல்லுறன், இதில அவசரப்படாதேங்கோ. போட்டோவை நம்பி முதல்லயே காசைப் போடாதேங்கோ, கொழும்பில சொந்தக்காரர் ஆரும் இருந்தா ஒரு லேப்டொப்போட அனுப்பிப் பாருங்கோ. யூஎஸ்பி குத்தினவுடன வீல் தானா ஒரு அந்தத்தில இருந்து மற்ற அந்தத்துக்குச் சுத்தி நடுவில வந்து நிக்கோணும். நிக்கேக்க சரிஞ்சு நிண்டா, இல்லாட்டி கொஞ்சநேரம் பலமா ஓடினாப் பிறகு நடு தள்ளிப் போனா, வீல் எவ்வளவு திரும்பியிருக்கு எண்டு அளக்கிற, உள்ள மோட்டர் தண்டில இருக்கிற என்கோடர் தட்டில கோளாறு இருக்கலாம். ஜீ25, ஜீ27 மாதிரி பழைய மாடல்ல அந்தச் சின்னத் தட்டு வெடிக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச வருத்தம். பிறகு விண்டோஸ் ரன்னில ஜோய் டொட் சிபிஎல் எண்டு அடிச்சா ஒரு சின்னப் பெட்டி வரும், அதில ஒவ்வொரு பெடலையும் மெல்ல மெல்ல அமத்தி அந்தக் கோட்டைப் பாருங்கோ. கோடு வழுக்கிக்கொண்டு ஏறினா சரி, துள்ளித் துள்ளி ஏறினா எவ்வளவு அமத்துறீங்கள் எண்டு அளக்கிற, பெடலுக்குள்ள இருக்கிற பொட்டென்ஷியோமீற்றர் ஊத்தை பிடிச்சிருக்கு, இல்லாட்டித் தேஞ்சிருக்கு. ஊத்தை எண்டா கொண்டக்ட் கிளீனர் அடிச்சா அநேகமாச் சரிவரும், அதுக்காக விலையைக் குறைச்சுக் கேக்கலாம். பவர் அடப்டர் அதோட வந்ததுதானா எண்டும் பாருங்கோ, லேபல்ல 100–240 வோல்ட் எண்டு போட்டிருக்கோணும். ஜப்பான்ல இருந்து வந்த சாமான் 100 வோல்டுக்கு மட்டும் செய்ததா இருந்தா எங்கட 230இல குத்தினவுடன கதை முடிஞ்சுது. கேம் சென்டர்ல வாடகைக்கு ஓடின வீல் எண்டு தெரிஞ்சா விட்டிடுங்கோ.

வாங்கிக்கொண்டு வந்து கடல் பக்க யன்னலுக்குக் கிட்ட வைக்காதேங்கோ. உப்புவெளியில உப்புக்காத்து என்ன செய்யும் எண்டு உங்கட வீட்டு பிணைச்சலைப் பாத்தாலே தெரியும். விளையாடி முடிய ஒரு துணியால மூடி வையுங்கோ, பெடலையும் சேத்து.

கேள்வி: ஜீ29 வாங்கி ட்ரிஃப்ட் ஓடிப் பாக்கிறன், ஒவ்வொரு தரமும் கார் சுழண்டு போகுது. போர்ஸை நூறுக்கு ஏத்தியும் பாத்திட்டன், ஒண்டும் விளங்குதில்ல. — லிங்கநகர் வாசகர்

பதில்: நூறுக்கு ஏத்தினதை முதல்ல இறக்குங்கோ. அசெட்டோ கோர்சாவில பெடல்ஸ் எண்டு ஒரு சின்ன அப்ளிகேஷன் இருக்கு, அதைத் திரையில போட்டு ஓடுங்கோ, போர்ஸைக் காட்டுற கோடு சறுக்கேக்க சிவப்பாகி அப்பிடியே நிண்டா மோட்டரால அதுக்கு மேல குடுக்க ஏலாது எண்டு அர்த்தம். அந்த நேரம் சில்லு பிடிக்குதா விடுதா எண்ட வித்தியாசம் கைக்கு வராது, எல்லாம் ஒரே பாரமா இருக்கும். சிவப்பு இடைக்கிடை மட்டும் எட்டிப் பாக்கிற அளவுக்குக் குறைச்சு வையுங்கோ. கேர்ப், ரோட், ஸ்லிப் எண்டு இருக்கிற மூண்டு எபெக்டையும் பூச்சியமாக்குங்கோ, அதெல்லாம் மேலதிகமாப் போடுற அதிர்வு. லொஜிடெக் சொஃப்ட்வெயர்ல சென்டரிங் ஸ்பிரிங்கை நிப்பாட்டுங்கோ, ரொட்டேஷன் 900 இலேயே இருக்கட்டும். மினிமம் போர்ஸ் எண்டதை 10 வீதத்தில தொடங்கி மெல்ல மெல்ல ஏத்துங்கோ, நேரா ஓடேக்க வீல் தானா நடுங்கத் தொடங்கினா ரெண்டு படி இறக்கி விடுங்கோ. இது பல்சில்லு வீலுக்கு மிச்சம் தேவை, இல்லாட்டி நடுவில செத்த மாதிரி இருக்கும். கேமைத் திறக்கப் பாவிக்கிற கொன்டென்ட் மனேஜர் எண்ட சொஃப்ட்வெயரைப் பாவிக்கிறீங்கள் எண்டா அதில ஜைரோ எண்டு ஒரு செட்டிங் இருக்கு, அதையும் போட்டுப் பாருங்கோ, வீல் தானா திரும்புறது கொஞ்சம் கெதியாகும்.

பிறகு கார். எல்லாரும் எடுத்தவுடன பெரிய பவர் உள்ள மொட் காரை, அதுதான் வெளி ஆக்கள் செய்து போட்ட காரை, இறக்கி ஜப்பான் எபிசு ட்ராக்கில போய் சுவர்ல அடிக்கிறாங்கள். இந்தக் கேமுக்கு மேலதிகமா 2016இல வந்த ஜப்பானீஸ் பேக்கில டொயோட்டா ஏஈ86 ட்ரிஃப்ட் கார் இருக்கு. ட்ரிஃப்டை உலகத்துக்குக் காட்டின கெய்இச்சி சுச்சியா பேர் எடுத்ததும் இந்த ஏஈ86 இலதான், பவர் குறைஞ்ச கார், பிழை விட்டா பிழை எங்க எண்டு விளங்கும். வெறுந்தரையில முதல் ஒரு வட்டம், அது பிடிபட்டாப் பிறகு எட்டு. எட்டில நடுவில பக்கம் மாறேக்க வீலை நீங்கள் திருப்பாதேங்கோ, விடுங்கோ, அது வரும், அதைப் பிடிக்கப் பழகினா உங்கட சுழலுற பிரச்சினை தானாக் குறையும். இதுக்குப் பொறுமை வேணும், அந்தப் பொறுமையைக் குடுங்கோ.

கேள்வி: ஹேண்ட்பிரேக் தனியா வாங்கோணுமா? விலை கூடச் சொல்லுறாங்க. — கிண்ணியா வாசகர்

பதில்: தொடக்கத்தில வீலில இருக்கிற ஒரு பட்டனையே ஹேண்ட்பிரேக்கா வைச்சு ஓடுங்கோ, ஒண்டும் குறைஞ்சு போகாது. பிறகு வேணும் எண்டா வீட்டிலயே செய்யலாம். பழைய சாமான் கடையில ஒரு கார் ஹேண்ட்பிரேக் லீவர், ஒரு பொட்டென்ஷியோமீற்றர், ஆடுயினோ எண்ட சின்ன எலெக்ட்ரொனிக் போர்ட்ல லெனார்டோ இல்லாட்டி ப்ரோ மைக்ரோ ஒண்டு, இவ்வளவும்தான். ஊனோ போர்டை வாங்கிப் போடாதேங்கோ, லெனார்டோவிலயும் ப்ரோ மைக்ரோவிலயும் இருக்கிற சிப்தான் கொம்பியூட்டருக்கு நேரா ஜோய்ஸ்டிக்காத் தெரியும். எவ்வளவு இழுக்கிறீங்களோ அவ்வளவு பிடிக்கும், பட்டன்ல அது வராது.

கேள்வி: நண்பர் ஒருத்தர் ஜீ27 குறைஞ்ச விலைக்குத் தாறார், கியர் லீவரும் இருக்கு. என்னட்ட பிஎஸ்4 தான். எடுக்கலாமா? — நிலாவெளி வாசகர்

பதில்: வேண்டாம். ஜீ27 பிஎஸ்2, பிஎஸ்3க்கும் பிசிக்கும்தான், பிஎஸ்4 நேராக் குத்தினா எடுக்காது. உங்களுக்கு ஜீ29. ஜீ920 எண்டு அதே மாதிரி ஒண்டு குறைஞ்ச விலைக்கு வந்தாலும் ஏமாறாதேங்கோ, அது எக்ஸ்பொக்ஸுக்கும் பிசிக்கும். பிசி வாங்கிற யோசனை இருந்தா மட்டும் ஜீ27ஐ எடுத்து வையுங்கோ, என்கோடரைப் பாத்து.

கேள்வி: என்ர மகன் வீல் வேணும் எண்டு ஒரே கரைச்சல். வாங்கிக் குடுத்தா மேசை உடைஞ்சிடும் எண்டு அவற்ற அப்பா சொல்லுறார், எனக்குப் பயம் வேற, இதைப் பழகிப்போட்டு ரோட்டில செய்து பாப்பானோ எண்டு. — உவர்மலை, ஒரு தாய்

பதில்: அக்கா, மேசை விசயத்தில அப்பா சொல்லுறது சரி, மெல்லிசுப் பலகை மேசை எண்டா வீல் இழுக்கிற இழுவைக்கு ஆடும். வெல்டிங் பட்டறையில பொக்ஸ் பார்ல ஒரு சின்ன ஸ்டேண்ட் அடிப்பியுங்கோ, ஜீ29க்கு அடியில எம்6 போல்ட் பூட்ட ஓட்டை இருக்கு, பெடலையும் அதே ஸ்டேண்டிலயே பூட்டச் சொல்லுங்கோ. சில்லு வைச்ச கதிரை வேண்டாம், பிரேக்கை மிதிக்கக் கதிரை பின்னால ஓடும்.

உங்கட பயமும் நியாயம், அதை மகனோட நேராக் கதையுங்கோ. கேமில கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் மட்டும்தான் செய்தி வருது, உண்மைக் கார்ல உடம்பு முழுக்க உணர்ந்துதான் சறுக்கலைப் பிடிக்கிறது, அதால இதில பழகினதை ரோட்டில அப்பிடியே செய்ய ஏலாது. நிலாவெளி ரோட்டில இரவில மாடு படுத்திருக்கிறது அவருக்கும் தெரியும், கேமில அடிபட்டா ஒரு பட்டனை அமத்தித் திரும்பத் தொடங்கலாம், அங்க ஏலாது. வாங்கிக் குடுக்கிறதுக்கு முதல் இந்தக் கதையைக் கதைச்சு, ரோட்டில செய்ய மாட்டன் எண்டு அவர் வாயாலயே சொல்ல வையுங்கோ. நேரத்துக்கும் ஒரு கணக்கு வைச்சுக் குடுங்கோ, சோதனை கிட்டவெண்டா அடப்டரைக் கழட்டி நீங்களே வைச்சிருங்கோ, அது இல்லாம அந்த மோட்டர் வேலை செய்யாது.