வாசகர் கேள்வி–பதில்: தொகுப்புப் பட்டியல்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறேன். எந்த நிரல் நூலகத்தை (பிறர் எழுதிவைத்த, எடுத்துக் கையாளத்தக்க நிரல் தொகுதியை) பயன்படுத்துவது என்று தேடும்போதெல்லாம், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ‘ஆசம்’ என்று தொடங்கும் பெயருடைய பட்டியல்கள் கண்ணில் படுகின்றன. அவற்றை நம்பித் தெரிவு செய்யலாமா?

பதில்: எவையெல்லாம் இருக்கின்றன என்று அறிவதற்கு நம்பலாம், எதை எடுப்பது என்று முடிவு செய்ய அவை மட்டும் போதா. நார்வே நாட்டு நிரலாளர் சின்ட்ரே சோர்ஹுஸ் 2014-இல் தொடங்கிய ‘ஆசம்’ களஞ்சியத்தின் (கிட்ஹப்பில் ஒரு திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடம்) வழியாகவே இந்தப் பெயர் எங்கும் பரவியது. அந்தக் களஞ்சியத்தில் மென்பொருள் எதுவும் கிடையாது. பைத்தான், ரஸ்ட், தரவுத்தளம் எனத் துறைதோறும் பிறர் பராமரிக்கும் பட்டியல்களுக்கான பட்டியல் அது. அதில் இடம் கேட்பவர், தம் பட்டியலைத் தொடங்கி 30 நாள்களாவது ஆகியிருக்க வேண்டும் என்பதோடு, பிறர் அனுப்பிய விண்ணப்பங்கள் சிலவற்றைத் தாமே படித்துப் பார்த்துக் கருத்தும் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே ஒரு பட்டியலைத் திறந்ததும், அதைப் பராமரிப்பவர்கள் எவற்றைச் சேர்க்க மறுக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளத்தக்க மென்பொருள்களைத் தொகுக்கும் ‘ஆசம் செல்ஃப்ஹோஸ்டட்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதல் வெளியீடு வந்து 4 மாதங்கள் கடக்காத எதையும் அங்கே ஏற்பதில்லை. கட்டற்ற உரிமம் (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் இடந்தரும் உரிமம்) இல்லாதவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு மென்பொருளின் விவரமும் தனித்தனி யாம்ல் கோப்பில் (தரவுகளை எழுதிவைக்கும் எளிய உரைக்கோப்பு) இருக்க, அவற்றிலிருந்தே பட்டியல் உருவாக்கப்படுகிறது. ஒவ்வொரு பெயரின் அருகிலும் ஒரு வரி விளக்கம், உரிமம், எழுதப்பட்ட மொழி ஆகியவை தவறாமல் நிற்கின்றன. இத்தகைய விதிகள் இல்லாத பட்டியல்களும் ஏராளமாக உண்டு. யார் எதை அனுப்பினாலும் சேர்த்துக்கொண்டே போய் ஆயிரம் இணைப்புகளை அடுக்கிவைத்திருக்கும் பக்கத்தைத் தொகுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மூடப்பட்ட புல் ரிக்வெஸ்டுகளையும் (மாற்றங்களைச் சேர்க்கும்படி பிறர் அனுப்பும் கோரிக்கைகளையும்) ஒருமுறை புரட்டுங்கள். ஒன்றை ஏன் சேர்க்கவில்லை, இன்னொன்றை ஏன் நீக்கினார்கள் என்ற விவாதம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்; பட்டியலில் உள்ள ஒரு வரி விளக்கத்தைவிட அது உங்களுக்குக் கூடுதலாகக் கற்றுத் தரும்.

கேள்வி: கிட்ஹப்பில் பயனர்கள் விருப்பத்தைக் குறிக்க இடும் நட்சத்திரங்கள் அதிகம் உள்ளதை எடுத்துக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தேதிகளைக் கையாளும் ‘மொமென்ட்’ நூலகத்துக்குப் பல்லாயிரம் நட்சத்திரங்கள் உண்டு. ஆனால் புதிய திட்டங்களுக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று 2020-இல் அதன் பராமரிப்பாளர்களே அறிவித்து, ‘லக்சன்’, ‘டே ஜேஎஸ்’ போன்ற மாற்றுகளையும் பரிந்துரைத்துவிட்டார்கள். சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கும் நோட் ஜேஎஸ் உலகில் எங்கும் பரவியிருந்த ‘ரிக்வெஸ்ட்’ நூலகமும் அதே ஆண்டு பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஒருவர் என்றோ இட்ட நட்சத்திரம், திட்டம் நின்றுபோன பிறகும் எண்ணிக்கையில் அப்படியே இருக்கும். நட்சத்திரங்களை விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை. பட்டியலிலிருந்து இரண்டு மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் களஞ்சியத்திலும் கடைசி வெளியீடு எப்போது வந்தது, பிழை அறிக்கைகளுக்கு யாராவது பதிலளிக்கிறார்களா, உரிமம் உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பக்கத்தின் உச்சியில், களஞ்சியம் ஆவணக் காப்புக்கு மாற்றப்பட்டது என்ற மஞ்சள் பட்டை தெரிந்தால், மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: தமிழில் படிக்க உதவும் பட்டியல் ஏதேனும் உண்டா?

பதில்: ‘ஃப்ரீ புரோகிராமிங் புக்ஸ்’ களஞ்சியத்தைப் பாருங்கள். நிரலாளர்களின் கேள்வி–பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் தொடங்கிப் பின்னர் கிட்ஹப்புக்கு இடம்பெயர்ந்த அந்தப் பட்டியலில், இலவச நூல்களும் பாடங்களும் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன, தமிழுக்கும் இடமுண்டு. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ்ப் பகுதி மிகச் சிறியது. விடுபட்ட இலவசத் தமிழ் நூல் ஏதேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அங்குள்ள விதிமுறைகளைப் படித்துவிட்டு நீங்களே ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம்.