கார் ஏசிக்கு ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டுமா?

ஏழு வயதான காரில் குளிர் குறைந்துவிட்டது, ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் நிரப்பியாக வேண்டும் என்கிறார் மெக்கானிக், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருளன்று அது. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிவருவது. ஒரே ஆண்டில் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. உங்களுக்கும் எனக்கு வாய்த்தவரைப் போன்ற மெக்கானிக்தான் வாய்த்திருக்கிறார் போலும்.

காரைக்குடியில் மூன்று சித்திரை மாதங்கள் ஒரே பட்டறையில் கேஸ் அடித்தேன். பத்து நிமிட வேலை; ரசீதில் ‘ஏசி கேஸ்’ என்றிருக்குமே தவிர, எத்தனை கிராம் என்று இருக்காது. வட்டிக் கணக்கில் காலணா பிசகினாலும் விடாத ஊரில் பிறந்தும் அதைக் கேட்காமல் பணம் கொடுத்தது இன்றும் உறுத்துகிறது. மூன்றாம் முறை அடித்து ஒரு மாதம் ஆகவில்லை. பிள்ளையார்பட்டியில் ஒரு கலியாணத்துக்கு ஆத்தாவை அழைத்துச் சென்றபோது, குன்றக்குடியைத் தாண்டுமுன்பே காற்று அனலாக அடிக்க, பட்டுச்சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, “கண்ணாடிய இறக்கப்பா, இதுக்கு வெளிக்காத்தே தேவல” என்றார்கள்.

பிறகு தேவகோட்டையில் ஒரு ஏசி மெக்கானிக், அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டுவதற்கு முன்பே, காரின் முன்பக்கத்தில் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் கீழ்மூலையில் டார்ச் அடித்துக் காட்டினார். மற்ற இடங்களில் தொட்டால் உதிர்ந்த செம்மண் புழுதி, அந்த ஓரிடத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு அப்பியிருந்தது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் எண்ணெயும் கேஸோடு சேர்ந்து கசிவதால் வரும் கறையாம். மிச்சக் கேஸை இயந்திரத்தில் இழுத்து எடை பார்த்தார். 450 கிராம் இருக்கவேண்டிய இடத்தில் 190. கண்டென்சரை மாற்றி, நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, உள்ளே ஈரம் தங்காமலிருக்க அரைமணி நேரத்துக்கு மேல் காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப் ஓட்டி, பானட்டுக்குள் ஒட்டியிருந்த தாளில் கண்ட அளவையே நிறுத்து ஏற்றினார். கூடுதலாக ஏற்றினாலும் குளிராது. அழுத்தம் மிகுந்து கம்ப்ரஸர்தான் திணறும்.

நான் மெக்கானிக் அல்லன். எல்லாப் பட்டறைகளையும் குறைசொல்லவும் இல்லை. ரப்பர் குழாய்களின் வழியே இம்மியளவு கசிவது இயல்புதானே என்று யாரேனும் சண்டைக்கு வரலாம். இயல்புதான், ஆனால் அதனால் குளிர் குறையப் பல ஆண்டுகள் ஆகும். கண்டென்சருக்கு ஆன செலவு அதிகமில்லையா என்பவர்களுக்கு, மூன்றாண்டு கேஸ் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று: பட்டறைக்குப் போகுமுன், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். என் தம்பியின் காரில் கேஸ் சரியாகவே இருந்தது; ஃபில்டரில்தான் வேப்பஞ்சருகு அடைத்திருந்தது.