நகர்வது எந்தப் பெட்டி? சிஎஸ்எஸ் ஸ்க்ரோல் பற்றிய கேள்வி பதில்

கொங்கு வட்டாரத்தில் நிறுவனங்களுக்கு இணையப் பக்கங்கள் அமைத்துக் கொடுக்கும் நண்பர்கள் சிலர், பக்கத்தின் ஒரு பகுதி நிலையாக நிற்கவும் மற்றது ஸ்க்ரோல் ஆகி நகரவும், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் மொழியான சிஎஸ்எஸ் எழுதும்போது வரும் சிக்கல்களை அனுப்பியிருந்தார்கள். இவை எல்லாவற்றிலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்தப் பக்கத்தில் உண்மையிலேயே ஸ்க்ரோல் ஆவது எந்தப் பெட்டி? அதைக் கண்டுகொள்ளாமல் பொசிஷனை (உறுப்பு எங்கே நிற்கும் என்று சொல்லும் விதியை) மாற்றி மாற்றிப் பார்த்தால் பொழுது போவதுதான் மிச்சம்.

கேள்வி (திருப்பூர்): வணக்கம் அண்ணா. ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு ஆர்டர் அட்டவணை செய்கிறேன். ஸ்டைல் எண், நிறம், சைஸ் வாரியாக எண்ணிக்கை என்று இருபதுக்கும் மேல் பத்திகள் வருகின்றன. தலைப்பு வரிசைக்குப் பொசிஷன்: ஸ்டிக்கி (நகரும்போது விளிம்பில் ஒட்டி நிற்பது), டாப்: 0 இரண்டும் கொடுத்தும் அது நிற்காமல் மேலே போய்விடுகிறது.

பதில்: தம்பி, நீங்கள் எழுதிய ஸ்டிக்கியில் தவறில்லை, அட்டவணையைச் சுற்றியுள்ள டிவ் என்ற பெட்டியில்தான் தவறு இருக்கிறது. அட்டவணை அகலமானது என்பதால் அந்த டிவ்வுக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ (பக்கவாட்டில் அடங்காதது ஸ்க்ரோல் ஆகட்டும் என்பது) கொடுத்திருக்கிறீர்கள். ஒரு திசைக்கு ஆட்டோ கொடுத்துவிட்டால், மறுதிசையை விசிபிள் (அடங்காதது வெளியே தெரியட்டும்) என்றே விட்டிருந்தாலும் பிரவுசர் அதையும் ஆட்டோவாகவே கணக்கிடும். ஆகவே அந்த டிவ் மேலும் கீழும்கூட ஒரு ஸ்க்ரோல் பெட்டியாகிவிட்டது. ஸ்டிக்கி எப்போதும் தனக்கு மிக அருகில் உள்ள ஸ்க்ரோல் பெட்டியைத்தான் பார்க்கும். உங்கள் டிவ்வுக்கு உயரம் எதுவும் சொல்லாததால் அது அட்டவணையின் முழு உயரத்துக்கும் வளர்ந்து நிற்கிறது. அதற்குள் மேல்கீழ் நகர்வே இல்லை. நகர்வது முழுப் பக்கம். தலைப்பு வரிசை டிவ்வின் உச்சியில் ஒட்டிக்கொண்டு, டிவ்வோடு சேர்ந்தே மேலே போகிறது.

அந்த டிவ்வுக்கு மேக்ஸ்-ஹைட்: 70டிவிஹெச் (உயரம் திரையில் 70 சதவீதத்தைத் தாண்டாது), ஓவர்ஃப்ளோ: ஆட்டோ என்று கொடுங்கள். இரண்டு திசை நகர்வும் அதற்குள்ளேயே நடக்கும், தலைப்பும் நிற்கும். ஸ்டைல் எண் பத்திக்கு லெஃப்ட்: 0 கொடுத்து அதையும் ஸ்டிக்கியாக்குங்கள், எக்ஸ்எல் சைஸ் பத்திக்கு நகர்ந்த பிறகு எந்த ஸ்டைல் என்று தெரியாவிட்டால் எண்ணிக்கையை மாற்றிப் படித்துவிடுவார்கள், ஆர்டரில் அது பெரிய தவறு. நிற்கும் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் பின்னணி நிறம் கட்டாயம் வேண்டும், இல்லையேல் கீழே ஓடும் எண்கள் ஊடே தெரியும். இரண்டு திசையிலும் நிற்கும் மூலைக் கட்டத்துக்கு மற்றவற்றைவிட அதிக இசட்-இண்டெக்ஸ் (எது மேலே தெரியும் என்ற அடுக்கு எண்) கொடுங்கள். பார்டர்-கொலாப்ஸ்: கொலாப்ஸ் (கட்டங்களின் கோடுகளை ஒன்றாக்குவது) இருந்தால் நகரும்போது கோடுகள் மட்டும் கழன்று போகும், செப்பரேட் என்று மாற்றி, பார்டர்-ஸ்பேசிங் 0 வையுங்கள். ஸ்டிக்கியை டிஹெட்டுக்கு (தலைப்புப் பகுதி முழுவதற்கும்) கொடுக்காமல் அதற்குள் உள்ள டிஹெச் கட்டங்களுக்குக் கொடுப்பது நல்லது, ஏனெனில் 2021-இல் வந்த குரோம் 91-க்கு முந்தைய பதிப்புகளில் டிஹெட்டில் அது வேலை செய்யவில்லை.

இதே சிக்கலைத் தரும் மற்றொன்று, பக்கவாட்டில் எதுவும் பிதுங்கக் கூடாது என்று வெளி டிவ்வில் எழுதும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன். ஹிடனும் ஒரு ஸ்க்ரோல் பெட்டியை உண்டாக்கும். அங்கே கிளிப் என்று எழுதினால் உண்டாக்காது. பிரவுசரின் இன்ஸ்பெக்டர் கருவியில், சுற்றியுள்ள தாய் உறுப்புகள் வழியாக ஒவ்வொரு படியாக மேலே ஏறி, ஓவர்ஃப்ளோவை அணைத்து அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் தலைப்பு நிற்கிறதோ அதுதான் காரணம்.

கேள்வி (ஈரோடு): மஞ்சள் வியாபாரி ஒருவருக்காகச் செய்த விலைப் பக்கத்தில் மேல்பட்டையைப் பொசிஷன்: ஃபிக்ஸ்டு (திரையில் ஒரே இடத்தில் நிற்பது) ஆக்கி, பாடிக்கு (பக்கத்தின் முழு உள்ளடக்கப் பெட்டிக்கு) மேற்புறம் 64 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்தேன். கணினியில் சரியாக இருக்கிறது. கைப்பேசியில் முதல் வரி பட்டைக்கு அடியில் போய்விடுகிறது. விரலி, கிழங்கு என்ற இணைப்புகளைத் தொட்டால் அந்தத் தலைப்புகளும் மறைந்துவிடுகின்றன.

பதில்: தமிழில் பக்கம் அமைக்கும் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கடையின் பெயரும் மெனுவின் சொற்களும் கணினியில் ஒரே வரியில் அடங்கினாலும், குறுகிய திரையில் இரண்டு வரியாக மடியும். கண் பார்வைக்காக எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கும் பெரியவர்களின் கைப்பேசியில் மூன்று வரிகூட ஆகும். ஃபிக்ஸ்டு ஆன உறுப்பு பக்க ஓட்டத்திலிருந்து வெளியேறிவிடுவதால் அது எவ்வளவு உயர்ந்தாலும் கீழே உள்ளவற்றுக்குத் தெரியாது. நீங்கள் ஊகித்த 64 பிக்சல் அங்கே பொய்த்துப் போகிறது.

பட்டையை ஸ்டிக்கியாக்கி, டாப்: 0 கொடுத்து, பேடிங்கை நீக்கிவிடுங்கள். ஸ்டிக்கி தன் இடத்தைப் பக்க ஓட்டத்திலேயே வைத்திருக்கும். எத்தனை வரி மடிந்தாலும் அடுத்த பகுதி அதற்குக் கீழேதான் தொடங்கும். பட்டை பாடியின் நேரடிக் குழந்தையாக இருக்கட்டும். அதன் உயரமே உள்ள சிறு டிவ்வுக்குள் அதை வைத்தால், ஸ்டிக்கி தன் தாயின் எல்லையைத் தாண்டாது என்பதால் டிவ்வோடு போய்விடும்.

இணைப்புகளுக்கு, ஹெச்டிஎம்எல் உறுப்பில் ஸ்க்ரோல்-பேடிங்-டாப் (தாவிச் செல்லும் இடத்துக்கு மேலே விடும் இடைவெளி) கொடுங்கள். அதன் அளவை ரெம்மில் (எழுத்தளவோடு மாறும் அலகில்) எழுதி, குறுகிய திரைக்கு மீடியா குவெரியில் (திரை அளவுக்கேற்ற விதியில்) கூட்டுங்கள். துல்லியமாக வேண்டுமென்றால் ரீசைஸ் அப்சர்வரால் (அளவு மாறுவதைக் கவனிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியால்) பட்டையின் உயரத்தை அளந்து ஒரு கஸ்டம் பிராப்பர்ட்டியில் (சிஎஸ்எஸ் மாறியில்) போடலாம். விசைப்பலகையால் பக்கத்தில் செல்பவர்களுக்கும் இது உதவும்: 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல் வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.2, ஃபோகஸ் பெற்ற (விசைப்பலகை இப்போது நிற்கும்) உறுப்பு இத்தகைய பட்டைகளால் முழுவதும் மறைக்கப்படக் கூடாது என்கிறது.

கேள்வி (கோவை, பீளமேடு): கல்லூரித் திட்டப்பணிக்காகச் செய்த பக்கத்துக்கு உயரம் 100விஹெச் (திரையின் முழு உயரம்) கொடுத்திருக்கிறேன். கைப்பேசியில் கீழே உள்ள பொத்தான் தெரிவதில்லையே, ஏன்?

பதில்: கைப்பேசி பிரவுசரில் முகவரிப் பட்டை சுருங்கிய நிலையில் உள்ள உயரத்தையே விஹெச் கணக்கிடுகிறது. பட்டை விரிந்திருக்கும்போது அந்த அளவுக்குப் பக்கம் கீழே இறங்கிவிடும். 100டிவிஹெச் என்று எழுதுங்கள். 2022 முதல் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் இது இருக்கிறது. பழைய கைப்பேசிகளுக்காக அதற்கு முந்தைய வரியில் 100விஹெச்சையும் விட்டு வையுங்கள்.

கேள்வி (நாமக்கல்): இடப்பக்கம் பண்ணைகளின் பட்டியல், வலப்பக்கம் தேர்ந்தெடுத்த பண்ணையின் விவரம் என்று ஃப்ளெக்ஸில் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் முறையில்) அமைத்தேன். இரண்டும் தனித்தனியாக ஸ்க்ரோல் ஆகாமல் பக்கம் முழுவதும் நீள்கிறது.

பதில்: வெளிப்பெட்டிக்கு 100டிவிஹெச் உயரமும் உள்ளே ஓவர்ஃப்ளோ: ஆட்டோவும் கொடுத்திருக்கிறீர்கள், அதுவரை சரி. ஆனால் இடையில் இருக்கும் பெட்டியை மறந்துவிட்டீர்கள். ஃப்ளெக்ஸ் குழந்தைகளின் மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) இயல்பாக ஆட்டோ. தன் உள்ளடக்கத்தைவிடச் சிறியதாக அது சுருங்க மறுக்கும். மேலிருந்து கீழாக அடுக்கிய ஃப்ளெக்ஸில் தலைப்புக்குக் கீழே உள்ள அந்த நடுப்பெட்டிக்கு மின்-ஹைட்: 0 கொடுத்தால் போதும், இரண்டு பக்கமும் தனித்தனியாக நகரும். கிரிட் (கட்டங்களாக அமைக்கும் முறை) பயன்படுத்தினால் 1எஃப்ஆர் (மீதி இடத்தின் ஒரு பங்கு) என்பதற்குப் பதில் மின்மேக்ஸில் 0, 1எஃப்ஆர் என்று எழுதுங்கள். பட்டியலின் முடிவுக்கு வந்ததும் வெளிப்பக்கமும் சேர்ந்து நகராமலிருக்க ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர்: கன்டெய்ன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கரூர்): போர்வை, திரைச்சீலை காட்டும் பக்கத்தில் ஒரு பாப்-அப் வைத்தேன். ஃபிக்ஸ்டு கொடுத்தும் அது திரையின் நடுவில் வராமல் பொருளைக் காட்டும் அட்டைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது, அண்ணா.

பதில்: அட்டையைத் தொட்டால் சற்றுப் பெரிதாகும்படி டிரான்ஸ்ஃபார்ம் என்ற விதியைக் கொடுத்திருப்பீர்கள். டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், பெர்ஸ்பெக்டிவ் ஆகியவற்றில் ஒன்று தாய் உறுப்பில் இருந்தால், உள்ளே உள்ள ஃபிக்ஸ்டுக்குத் திரை எல்லையாக இராது, அந்தத் தாயே எல்லையாகிவிடும். பாப்-அப்பை டயலாக் உறுப்பில் எழுதி, ஷோமோடல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை வழியாகத் திறந்தால், பிரவுசர் அதை எல்லாவற்றுக்கும் மேலான அடுக்கில் வைக்கும். இசட்-இண்டெக்ஸ் போட்டியும் இல்லை.

கேள்வி (பொள்ளாச்சி): தேங்காய்க் கொள்முதல் பட்டியலை அச்சிட்டால் மேல்பட்டை ஒவ்வொரு தாளிலும் வந்து வரிகளை மறைக்கிறது, பட்டியலும் பாதியோடு நின்றுவிடுகிறது.

பதில்: அச்சில் ஃபிக்ஸ்டு உறுப்பு ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரும் என்பது சிஎஸ்எஸ் விதி. ஸ்க்ரோல் பெட்டியோ தாளில் நகர முடியாது என்பதால் கண்ணுக்குத் தெரியும் பகுதியோடு வெட்டப்படுகிறது. மீடியா பிரின்டுக்குள் (அச்சுக்கு மட்டுமான விதிகளுக்குள்) பட்டைக்குப் பொசிஷன்: ஸ்டாட்டிக், பட்டியல் பெட்டிக்கு மேக்ஸ்-ஹைட்: நன், ஓவர்ஃப்ளோ: விசிபிள் என்று எழுதுங்கள். பத்தித் தலைப்புகள் டிஹெட்டுக்குள் இருந்தால் ஒவ்வொரு தாளின் தொடக்கத்திலும் பிரவுசரே அவற்றை அச்சிட்டுத் தரும்.